ஒரு சிட்டுக்குருவியும் ஒரு விசாரிப்பும்



அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் விளையாடி வந்த சின்னப் பறவை இறந்துபோனது. வாடிய முகத்தோடு இருந்த அவரிடம் நபி (ஸல்) அவர்கள், அந்தப் பறவைக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள். ஹதீஸ் நூல்கள் இதைப் பதிவு செய்துள்ளன. ஒரு சமுதாயத்தையே சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் பறவைக்கும் நேரம் இருந்தது.

நாமோ, ஜும்ஆவில் தோளோடு தோள் நின்றவரின் பெயரைக்கூடக் கேட்காமல் செருப்பைத் தேடுகிறோம். சகோதரரை மலர்ந்த முகத்துடன் சந்திப்பதும் நன்மையே, அதை அற்பமாக எண்ணக்கூடாது என்று கற்றுத்தந்தார்கள். குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்னார்கள். இதற்குச் செல்வம் தேவையில்லை. கொடுப்பவர் மனமும் நிறையும், பெறுபவர் மனமும் நிறையும்.

அடுத்த ஜும்ஆவில் பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி நலம் விசாரியுங்கள். இன்றே உங்கள் பிள்ளையிடம் அதன் விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.