அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் முடங்கினால்: முதலில் கணக்கு, பிறகுதான் மெஷின்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் நோட்டில் மட்டும் எழுதி வந்த நாம், இன்று பல ஊர்களில் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருப்பது பெரும்பாலும் புது மெஷின் இல்லை. யாராவது கொடுத்த பழைய கம்ப்யூட்டராக இருக்கும். இல்லாவிட்டால் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு, தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்ததாக இருக்கும்.

இப்படிப்பட்ட பழைய மெஷின் ஒருநாள் தானாக "அப்டேட்" என்று ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு திறக்கவே திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது நீலத் திரை வந்து நின்றுவிடும். "எல்லாம் போச்சு" என்று கை கால் உதறும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மெஷினும் போகவில்லை, உள்ளே இருக்கும் கணக்கும் போகவில்லை. அவசரப்பட்டு நாம் செய்கிற காரியத்தால்தான் கணக்கு போகிறது. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஏன் இப்படி நடக்கிறது?

அப்டேட் கெட்டது இல்லை. வைரஸ், திருட்டு நுழைகிற ஓட்டைகளை அடைப்பதற்காகக் கம்பெனி அனுப்புகிற பழுதுபார்ப்பு அது. ஆனால் பழைய மெஷினில் அது தடுக்கி விழ மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

ஒன்று, இடம் இல்லாமை. சி டிரைவ் முழுக்க படமும் பாட்டும் நிறைந்திருந்தால், அப்டேட் பாதியில் நின்றுவிடும்.

இரண்டு, மின்தடை. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய், பேட்டரியும் செத்திருந்தால் வேலை அரைகுறையாகிவிடும். பாதி பிரித்த கூரை மாதிரி, பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

மூன்று, சக்திக்கு மீறிய பாரம். அந்தக் காலத்து லேப்டாப்பில் ராம் 2 ஜிபி இருக்கும், ஹார்ட் டிஸ்க்கும் மெதுவானது. புது சாஃப்ட்வேர் அதில் ஏறலாம், ஆனால் நகராது. பழைய பிரிண்டருக்கோ திரைக்கோ உரிய டிரைவர் புதியதோடு ஒத்துப்போகாமலும் மெஷின் முடங்கலாம்.

என்ன செய்யக் கூடாது?

"ஃபார்மட் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டக் கூடாது. ஃபார்மட் என்றால் ஸ்லேட்டைத் துடைப்பது. மெஷின் ஓடும், கணக்கு இருக்காது.

ஒரு கூட்டமைப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கி அதிகாரி வர இரண்டு நாள் இருக்கும்போது லேப்டாப் முடங்கிவிட்டது. எந்தக் குழு எத்தனை தவணை கட்டியது என்ற பட்டியல் அதில்தான் இருந்தது. கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரப் பையன், "அக்கா, அரை மணி நேரம்தான், ஃபார்மட் அடிச்சுத் தர்றேன்" என்றான். கணக்காளர் அக்கா, "தம்பி, மெஷின் ஒரு வாரம் கழிச்சுக்கூட ஓடட்டும். உள்ள இருக்கிற ஃபைலை முதல்ல பென்டிரைவ்ல எடுத்துக் குடு. எடுக்காம கைய வைக்காத" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பையன் முணுமுணுத்தான், ஆனால் எடுத்துக் கொடுத்தான். அந்த ஒரு வார்த்தை அத்தனை குழுக்களின் கணக்கையும் காப்பாற்றியது. அவர் கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர் இல்லை. எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

படி 1: பொறுமை. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய மெஷினில் இது பல மணி நேரம்கூட ஆகும். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். நடுவில் அணைக்காதீர்கள்.

படி 2: விடிந்தும் அசையவில்லை என்றால், பென்டிரைவ், பிரிண்டர் வயரை எல்லாம் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போடுங்கள். சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

படி 3: விண்டோஸ் 10, 11 உள்ள மெஷின் இரண்டு மூன்று முறை திறக்க முடியாமல் தோற்றால், பழுதுபார்க்கும் நீலத் திரை தானாக வரும். அதில் "டிரபுள்ஷூட்", அடுத்து "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", அடுத்து "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்று போக வேண்டும். அங்கே இரண்டு வகை இருக்கும். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டுக்குப் பெயர் குவாலிட்டி அப்டேட். மொத்த விண்டோஸையே மாற்றும் பெரிய அப்டேட்டுக்குப் பெயர் ஃபீச்சர் அப்டேட். கடைசியாக எது ஏறியதோ அதை நீக்கலாம். இதனால் நம் ஃபைல்கள் அழியாது.

அதே இடத்தில் "சிஸ்டம் ரெஸ்டோர்" என்றும் இருக்கும். முன்பே குறித்து வைக்கப்பட்ட தேதி இருந்தால், மெஷினை அந்தத் தேதி நிலைக்குக் கொண்டு போகும். அதற்குப் பிறகு போட்ட புரோகிராம் போகும், நம் ஃபைல் இருக்கும். ஆனால் "ரீசெட் திஸ் பிசி" என்பதைக் கணக்கை வெளியே எடுக்கும் வரை தொடவே வேண்டாம். அதில் "ஃபைலை வைத்துக்கொள்" என்று தேர்ந்தெடுத்தாலும், டேலி போன்ற புரோகிராம்கள் நீங்கிவிடும்.

படி 4: எதுவுமே திறக்கவில்லையா? அப்போதும் ஃபைலை எடுக்க வழி உண்டு. அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இந்திய மென்பொருள். மெஷினைப் போட்டவுடன் இரண்டு பெயர் உள்ள பட்டியல் வந்தால், பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி செய்யலாம்.

அப்படி இல்லாவிட்டால், வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் தயார் செய்து, அதைச் செருகித் திறக்கலாம். போட்டவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஏற்ற பட்டனை அழுத்த வேண்டும். "இன்ஸ்டால்" கொடுக்காமல், "டிரை" என்று போனால் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. இதற்குக் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் உதவுவார்கள். மூன்றாவது வழி, கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுப்பது. நம்மில் ஒருவர் அருகில் இருந்து பார்க்க வேண்டும். அதில் உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும் அல்லவா?

எடுக்க வேண்டிய இடங்கள்: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ், டேலி இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர். எடுத்த பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, மொத்தத் தொகையை நோட்டோடு சரிபாருங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் அங்கே புரியாத எழுத்தாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருவை ஏற்றினால் தமிழ் வந்துவிடும்.

படி 5: சில நேரம் மெஷின் திறக்கும், ஆனால் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வேலைக்கு ஆகாத அளவு மெதுவாக இருக்கும். அப்படியானால் செட்டிங்ஸில் "ரெகவரி" பகுதியில் "கோ பேக்" இருக்கிறதா பாருங்கள். சாதாரணமாகப் பத்து நாள்தான் கெடு. அதற்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். "விண்டோஸ்.ஓல்ட்" என்ற ஃபோல்டரை இடம் பிடிக்கிறது என்று அழித்திருந்தால் திரும்ப முடியாது.

பழைய மெஷினைத் தூக்கிப் போடணுமா?

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2011, 2012 லேப்டாப்களில் அது இருக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். மறுபடி அப்டேட்டில் முடங்கினால் கேட்க ஆள் இருக்காது, வேண்டாம்.

நல்ல வழி வேறு இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கினால் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருளை ஏற்றலாம். அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகு வகை பழைய மெஷினுக்கு ஏற்றது. எக்செல் கணக்குகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும், தமிழும் அடிக்கலாம். ஆனால் டேலி நேரடியாக ஓடாது. உங்கள் பிரிண்டர் வேலை செய்யுமா என்பதையும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏமாறாதீர்கள்

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று திரையில் வந்தால் கூப்பிடக் கூடாது. எந்த மென்பொருள் கம்பெனியும் தானாகப் போன் செய்து ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

விதை நெல்லை ஒரே குதிரில் போடலாமா?

கம்ப்யூட்டரில் ஒன்று, அலுவலகப் பென்டிரைவில் ஒன்று, தலைவி அல்லது பொருளாளர் வீட்டில் உள்ள பென்டிரைவில் ஒன்று என மூன்று நகல் இருக்கட்டும். மாதக் கூட்டம் முடிந்தவுடன் நகல் எடுக்கும் வழக்கம் வேண்டும். நோட்டில் எழுதுவதையும் நிறுத்தாதீர்கள். கரண்ட் இல்லாத நாளிலும் நோட்டு திறக்கும்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் கணக்கு எந்த மெஷினில் இருக்கிறது? கடைசியாக நகல் எடுத்த தேதி எது?

2. அந்த மெஷினில் இருப்பது எந்த விண்டோஸ்? ராம் எவ்வளவு? சி டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது?

3. நகல் எடுக்கும் பொறுப்பு யாருக்கு? அவர் வராத மாதம் யார் எடுப்பார்?

4. "நகல் எடுக்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோமா?