இரண்டு ரிஷபம், மூன்று விம்மல்

கேள்வி: குருசுக்குப்பத்தில் வசிக்கிறேன். குறும்படங்களுக்குக் கணினியில் இசை அமைத்துத் தருகிறேன். எங்கள் கரையில் கல் கொட்டிய பிறகு கரைவலை இழுப்பது நின்றுபோனது. ஆனாலும் கேட்டால் பெரியவர்கள், வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டைப் பாடுகிறார்கள். அதைப் பதிவு செய்து கீபோர்டில் வாசித்தால் ஒட்டவில்லை. அவர்களுடைய காந்தாரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது. இந்தப் பாட்டை வைத்து நுண்சுருதிகளில் ஒரு இசைத் துண்டு செய்ய ஆசை. அதற்காக மென்பொருளில் 22 சுருதிகளையும் ஏற்றினேன். ஆனால் இரண்டு சதுசுருதி ரிஷபங்களை மாற்றி மாற்றி வாசித்தால் எனக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. என் காது இதற்குப் போதாதா? 22 சுருதியா, ஆபிரகாம் பண்டிதர் சொன்ன 24ஆ, எதை வைத்துக்கொண்டு தொடங்குவது?
— ஒரு வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: உங்கள் காது போதும். கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்து அளக்கும் வழக்கம் 1885இல் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயரால் வந்தது. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். நீங்கள் சொல்லும் இரண்டு ரிஷபங்களுக்கு நடுவே 21.5 சென்ட். பிரமாண சுருதி என்று பழைய நூல்கள் சொல்வது இந்த அளவைத்தான். மனிதக் குரல் புழங்கும் ஸ்தாயியில், அமைதியான அறையில், ஓரளவு பழகிய காது பத்து சென்ட்டுக்கும் குறைவான வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே 21.5 சென்ட் ஒன்றும் எட்டாத அளவு இல்லை.

உங்களுக்குக் கேட்காததற்குக் காரணங்கள் வேறு. ஒன்றை வாசித்து, நிறுத்தி, மற்றதை வாசிக்கிறீர்கள். நடுவில் இருக்கும் இடைவெளியில் நினைவு முதல் ஸ்வரத்தை 'ரி' என்று பெயரிட்டு வைத்துக்கொள்கிறது. அடுத்ததும் 'ரி' என்றே பதிவாகிறது. பெயர் ஒன்றாகிவிட்டால் வித்தியாசம் கரைந்துவிடும். இன்னொன்று, நீங்கள் பியானோ ஒலியில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பியானோவின் நடுப் பகுதியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கம்பிகள். அவை தமக்குள்ளேயே ஓரிரு சென்ட் விலகியிருக்கும். ஒலியும் சட்டென்று தேய்ந்துவிடும். அதன்மேல் எதிரொலி விளைவையும் போட்டிருந்தால் நுணுக்கம் முழுக்கப் புதைந்துவிடும்.

இப்போது இதைச் செய்து பாருங்கள். விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸட்ஜத்தை 216 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆறு கட்டைக்கு ஓர் இழை கீழே வரும். இந்த ஸட்ஜத்துக்கு உங்கள் இரண்டு ரிஷபங்களும் 240, 243 என்று முழு எண்களாகவே விழுகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில், பத்து விநாடி நீளத்துக்கு ஒலிக்க விடுங்கள். தனித்தனியே கேட்டபோது ஒன்றாகத் தெரிந்தவை இப்போது விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது இதுதான். 243இலிருந்து 240ஐக் கழித்தால் 3. விநாடிக்கு மூன்று விம்மல். சுருதி வித்தியாசத்தை இப்படி எண்ணிவிடலாம்.

அடுத்த படி இதைவிட முக்கியம். மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது 162 ஹெர்ட்ஸை, தம்புரா ஒலியில் பின்னணியாக ஓட விடுங்கள். சைன் அலையில் இது நடக்காது. தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவா நூலைச் சரியான இடத்துக்குத் தள்ளினால் அவை பளிச்சென்று விரியும். அந்தப் பின்னணியில் 243ஐப் பாடுங்கள். 162இன் மூன்று மடங்கு 486. 243இன் இரண்டு மடங்கும் 486. குரல் தம்புராவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இனி 240க்கு இறங்குங்கள். அதன் இரண்டு மடங்கு 480. 486க்கும் 480க்கும் நடுவே விநாடிக்கு ஆறு விம்மல். ஒலி கரகரக்கும். தாழ்ந்த ரிஷபம் தவறு என்று உங்கள் காதே சொல்லும்.

அப்படியே தம்புராவின் பஞ்சமத் தந்தியைத் தளர்த்தி மத்தியமத்துக்கு, 144 ஹெர்ட்ஸுக்கு, கொண்டுவாருங்கள். 144இன் ஐந்து மடங்கு 720. 240இன் மூன்று மடங்கும் 720. இப்போது 240 அமர்ந்துவிடுகிறது. சற்று முன் நிறைவாக இருந்த 243இன் மூன்று மடங்கு 729. விநாடிக்கு ஒன்பது விம்மலோடு அது துருத்திக்கொண்டு நிற்கும். அதே ஸட்ஜம், அதே பாடகர். ஒரு தந்தி மாறியதும் சரியான ரிஷபம் எது என்ற தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த இடத்தில் அடங்கியிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். நுண்சுருதி என்பது ஏணியில் கூடுதலாக அடித்த படி இல்லை. கூடவே ஒலிக்கும் இன்னொரு ஒலியோடு அது கொள்ளும் உறவு. அந்த ஒலியை எடுத்துவிட்டு 22 கட்டைகளைத் தனியே தட்டிக்கொண்டிருந்தால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. பரதரின் நாட்டிய சாஸ்திரமும் இதை இரண்டு வீணைகளை வைத்தே விளக்குகிறது. ஒன்று சுருதி மாறாமல் நிற்கும். மற்றதன் பஞ்சமத்தை மட்டும் ஒரு பிரமாண சுருதி இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்கிறார். உங்கள் கணினியில் இரண்டு தடங்கள் போதும்.

22ஆ 24ஆ என்ற வழக்குக்கு வருகிறேன். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் ஏழு இசைகளுக்கும் அலகுக் கணக்கு உண்டு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1912இல் தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி வித்வான்களைக் கூட்டி விவாதித்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தன் கருத்தை எடுத்துரைக்கவும் செய்தார். ஸ்தாயியைச் சம அளவுள்ள 24 அலகுகளாகப் பிரிப்பதே தமிழர் முறை என்பது அவர் முடிவு. அதற்கான வாதமும் கணக்கும் 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் விரிகின்றன. மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த விபுலானந்த அடிகள், அதே சிலப்பதிகாரத்தை வைத்து வேறு வழியில் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலைத் தந்தார். இந்த இரண்டு நூல்களையும் அறியாமல் தமிழில் நுண்சுருதி பேசுவது முறையாகாது.

உங்கள் ஊரிலேயே மூன்றாவது ஒரு கணக்கு நடந்திருக்கிறது. குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்தால் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் வரும். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1950களின் இறுதியில் அலென் தானியேலு என்ற பிரெஞ்சு அறிஞர் பணிசெய்தார். காசியில் பல ஆண்டுகள் தங்கி வீணை கற்றவர். வடமொழிப் பண்டிதர் என். ஆர். பட்டுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த புராணங்களின் இசைப் பகுதிகளும் கீதாலங்காரம் என்ற நூலும் 1959இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தன. 2, 3, 5 ஆகிய மூன்று எண்களின் பெருக்கல் வகுத்தலால் பிறக்கும் விகிதங்களைத்தான் காது பொருளோடு வாங்கிக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு உருவம் கொடுக்க, ஒலிப்பதிவுக் கருவிகளுக்குப் பேர்போன ஸ்தெஃபான் குதெல்ஸ்கியின் உதவியோடு 1960களில் ஒரு மின்னணுக் கருவிக்கு முயன்றார். 1994இல் அவர் மறைந்த பிறகு, ஸ்தாயிக்கு 53 ஸ்வரங்கள் கொண்ட அந்த அமைப்பு கணினி மென்பொருளாகவும் வந்தது. நீங்கள் 240, 243 வைத்துச் செய்யப்போகும் சோதனை அவர் கொள்கையின் முதல் பாடம்தான்.

ஆனால் தானியேலுவோடு நான் முழுக்க உடன்படவில்லை. விகிதங்களின் வேலை நீண்டு நிற்கும் ஸ்வரங்களோடு முடிந்துவிடுகிறது. விநாடிக்கு மூன்று விம்மல் என்றால், ஒரு விம்மல் முழுதாகக் கேட்கவே விநாடியில் மூன்றில் ஒரு பங்கு தேவை. அதற்குள் ஸ்வரம் நகர்ந்துவிட்டால் 240ஆ 243ஆ என்ற கேள்விக்கே இடமில்லை. கர்நாடக இசையில் ஸ்வரங்கள் பெரும்பாலும் நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அது சாதாரண காந்தாரம். பாடும்போதோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. தன் இடத்தில் அது தங்குவதே இல்லை. வரைபடத்தில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஓர் அலை தெரியும். அந்த அலையின் வேகம், எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சாய்கிறது என்பது, இவைதான் தோடி. 53 கட்டைகள் இருந்தாலும் அதைக் கட்டையில் வாசிக்க முடியாது. நாதஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழுதான். சீவாளியில் உதட்டை அழுத்தியும் தளர்த்தியும், மூச்சை ஏற்றியும் இறக்கியும், துளையைப் பாதி மூடியும் நாதஸ்வரக்காரர்கள் எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறார்கள். இந்துஸ்தானி இசைக் கலைஞர்களின் பதிவுகளை அளந்து ஜைராஸ்பாயும் ஸ்டோனும் 1963இல் வெளியிட்ட ஆய்வும் ஒரே ராகத்தின் ஒரே ஸ்வரம் நிலையான ஓர் இடத்தில் நிற்பதில்லை என்றே காட்டியது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி, முப்பது ஆண்டுகள் அந்தத் தடையை வைத்திருந்ததற்குப் பின்னாலும், இந்த அசைவு கட்டையில் வராது என்ற கவலை இருந்தது. தடை எனக்கு உவப்பில்லை. கவலை நியாயமானது.

இனி அம்பாப் பாட்டு. அந்தக் காந்தாரத்தை 22இல் ஒன்றாக அடையாளம் காட்ட அவசரப்படாதீர்கள். தம்புரா இல்லாமல் பாடுகிறவர்களின் ஸட்ஜம் பாட்டு ஏற ஏற மெல்ல நகரும். பாட்டின் தொடக்கத்தில் ஸட்ஜத்தை அளந்து, இரண்டு நிமிடம் கழித்து வரும் காந்தாரத்தை அதோடு ஒப்பிட்டால் இல்லாத ஒரு நுண்சுருதி கிடைக்கும். ஒவ்வொரு அடியிலும் அந்த அடியின் ஸட்ஜத்தையே அடிப்படையாக வைத்து அளக்க வேண்டும். பிராத் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். முன்பாட்டுக்காரரைத் தனியாகப் பாடச் சொல்லி ஒரு பதிவு எடுங்கள். பலர் சேர்ந்து பாடும்போது ஒலி பரவலாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது. கயிற்றை இழுக்கிற அசைவோடு அந்தக் காந்தாரம் வருகிறதா, இழுத்து நிறுத்துகிற இடத்தில் வருகிறதா என்றும் கவனியுங்கள். இழுப்போடு வருவது என்றால் அது சறுக்கலாக இருக்கலாம். நிறுத்தத்தில் பல அடிகளிலும் ஒரே இடத்தில் நின்றால் மட்டும் அதற்கு ஓர் எண் கொடுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கீபோர்டின் அந்தர காந்தாரமே தம்புராவில் கேட்கும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். 216 ஸட்ஜத்துக்குத் தம்புரா தருவது 270. கீபோர்டில் அது 272ஐத் தாண்டும். உங்கள் பெரியவர்கள் விலகியதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு கீபோர்டின் விலகல்.

இசைத் துண்டுக்கு 22உம் வேண்டாம், 53உம் வேண்டாம். ஸட்ஜம், இந்த இரண்டு ரிஷபங்கள், பஞ்சமம், மத்தியமம், பெரியவர்களின் காந்தாரம், இவ்வளவு போதும். பஞ்சமப் பின்னணியில் 243 ரிஷபத்தை நீட்டி நிறுத்துங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பின்னணியை மத்தியமத்துக்கு மாற்றுங்கள். அமர்ந்திருந்த ரிஷபம் கசக்கத் தொடங்கும். சில விநாடி அந்தக் கசப்பைக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு 240க்கு இறக்குங்கள். 21.5 சென்ட் இறக்கம்தான். ஆனால் பயிற்சியே இல்லாதவர்கூட ஏதோ அவிழ்ந்தது என்று உணர்வார். இந்த ஆறு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஒரு குறும்படத்தின் கனமான காட்சியைத் தாங்க இது போதும்.

செய்முறையில் ஒரு சிக்கல் வரும். மென்பொருளில் பிட்ச் பெண்ட் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஆகவே பின்னணிக்கு ஒரு தடம், ரிஷபத்துக்குத் தனித் தடம். வளைவின் எல்லை வழக்கம்போல் இரண்டு அரை ஸ்வரங்களாக இருந்தால், முழு இறக்கம் 8192 புள்ளிகள், 21.5 சென்ட் இறங்க 881 புள்ளிகள். சட்டென்று இறக்காமல் ஒரு விநாடியில் சரியவிடுங்கள். பாடகரை வைத்துப் பதிவு செய்வதாக இருந்தால் இந்த எண் எதுவும் அவருக்குத் தேவையில்லை. பின்னணி ஒலியைக் காதில் கொடுத்தால் குரல் தானாகவே இறங்கும். ஆட்டோ டியூனை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இரண்டு ரிஷபத்தையும் இழுத்துக்கொண்டுபோய்க் கீபோர்டின் ஒரே கட்டையில் சேர்த்துவிடும்.