துணிக்கடை மாடியில் தொடங்கிய சங்கம்

கேள்வி: எங்கள் பி.டி. சார் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். அது கிறிஸ்தவ வாலிபர் சங்கமாமே? ஜெபக்கூட்டம் நடத்த வேண்டிய சங்கம் விளையாட்டு வாத்தியார்களைத் தயார் செய்யப் போனது எப்படி?
– ஒரு வாசகர், வெள்ளிமலை, கல்வராயன்மலை

பதில்: ஜெபக்கூட்டத்தில்தான் தொடங்கியது. ஆனால் தொடங்கியவர்கள் பாதிரியார்கள் அல்ல, துணிக்கடைப் பையன்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஹிட்ச்காக் அண்ட் ரோஜர்ஸ் என்றொரு பெரிய ஜவுளிக்கடை. நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் கடை மாடியிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். காலையில் நின்றால் இரவுவரை துணியை விரிப்பதும் மடிப்பதும்தான். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போய், கடை விடுதியில் படுத்தெழும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தால் போக்கிடம் சாராயக்கடை. அதற்கு மாற்றாக, ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற விவசாயி மகன் தன்னோடு சேர்த்து 12 பேரைக் கூட்டி 1844 ஜூன் 6 அன்று சங்கம் வைத்தார். (அவர் பிறகு முதலாளி மகளையே கட்டிக்கொண்டார். நம் சினிமாக்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்களோ!)

அமெரிக்கா போனதும் சங்கத்தின் போக்கு மாறியது. வாலிபர்களை வரவைக்க உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள். குளிர்காலத்தில் கூடத்துக்குள் ஆட 1891இல் சங்கத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் என்பவர் கூடைப்பந்தை உருவாக்கினார். அது முரட்டு ஆட்டம் என்று தயங்கிய வயதானவர்களுக்காக 1895இல் ஹோலியோக் கிளையின் வில்லியம் மோர்கன் கண்டுபிடித்ததுதான் வாலிபால்.

சென்னையில் 1890இல் கிளை தொடங்கியவர் டேவிட் மெக்கானகி. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடம் அந்தக் கிளையுடையதுதான். உங்கள் சாரின் கதை அதற்குப் பிறகு வந்த ஹாரி குரோ பக்கிடம் ஆரம்பிக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த அவர், 1920இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப்போனவரும் இவரே. ஊர் ஊராகக் கிளை திறந்திருந்தால்கூட சங்கம் மலையேறியிருக்காது. வாத்தியார்களைப் பயிற்றுவித்ததால் ஏறியது. அந்தப் பள்ளிதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. சேர்வதற்கு மதம் ஒரு தடையில்லை.

மலைக்குத் தோதான ஆட்டமும் இந்தச் சங்கம் தந்த வாலிபால்தான். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்துக்குத் தரை சமமாக இருந்து, இரண்டு கம்பம் நட்டு வலை கட்டினால் போதும். கால்பந்துக்குத் தேவையான இடத்தைச் சரிவில் எங்கே தேடுவது?