மூத்தோர் துணை

நம் நாட்டிலே கல்வி 1945 இல் இலவசமாயிற்று. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் பதினாறாக உயர்ந்தது. ஆயினும், சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்தில் தவறிய கொடிகாமத்துப் பிள்ளைகள் சிலர், வாசல் அடைபட்டதென எண்ணிச் சந்தையிலே சுமை இறக்கச் செல்கின்றனர். உழைப்பு இழிவன்று, வழியறியாமையே வருந்தத்தக்கது.

வாசல் ஒன்றன்று. தேசியத் தொழிற்றகைமை ஏழு மட்டங்களையுடையது. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பட்டறையிலே பழகிய கைவேலையைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் முறையும் அதில் உண்டு.

இதனை அறிவித்தல் மாத்திரம் போதாது. விண்ணப்பம் நிரப்பவும், மனந்தளருங்கால் தேற்றவும் ஒருவர் வேண்டும். தொழிலறிந்த பழைய மாணவர் அதற்கு மிகப் பொருத்தமானவர். அவர் புள்ளியிடுபவரல்லர், தண்டிப்பவருமல்லர்.

ஆனால், தொடங்கியதை இடையில் விடலாகாது. அமெரிக்காவிலே 2002 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த துணையே மிகுபயன் தந்ததென்றும், மூன்று மாதத்துள் முறிந்த துணை பிள்ளைகளின் தன்மதிப்பைக் குறைத்ததென்றும் கண்டது. ஆதலின் பலருக்கு ஒருநாட் புத்திமதி கூறுதலினும், ஒரு பிள்ளைக்கு ஓராண்டு துணைநிற்றல் நன்று.

இவ்விழா ஆண்டிலே நாம் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்போமாக.