தளத்தில் உறுமும் இன்ஜின் கடலில் திணறுவது ஏன்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது. மராமத்து முடிந்த விசைப்படகுகளில் வண்ணம் காய்ந்துவிட்டது, வலையும் ஐஸ் பெட்டியும் தயார். ஆனால் இறங்குதளத்தில் ஒரே சாவியில் கிளம்பிய இன்ஜின், கரையை விட்டுச் சில மைல் போனதும் ஆக்சிலேட்டரை ஏற்ற ஏற்றச் சுற்று ஏறாமல் அமுங்கிப்போவது தடை முடிந்த முதல் நாட்களில் வழக்கமாக வரும் தொல்லை. இரண்டு மாதம் அசையாமல் நின்ற படகில் இப்படி நேர்ந்தால், முதல் சந்தேகம் டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் டீசல் வழிமேல் விழவேண்டும். பம்பையும் நாசிலையும் கழற்றுவது கடைசி வேலை. அந்த வழியைச் சோதிக்கப் படகு தளத்தில் கட்டியிருக்கும் இந்த வாரமே ஏற்ற நேரம்.

“நேற்றுகூட ஸ்டார்ட் செய்து ரேஸ் பண்ணிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது” என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. நியூட்ரலில் இன்ஜினுக்குச் சுமையே இல்லை. கியர் போட்டு ஓடும்போதும் புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஏறக்குறைய சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: பாதிச் சுற்றில் கேட்பது முழுச் சுற்றில் கேட்பதில் எட்டில் ஒரு பங்குதான். பெருமளவு அடைத்துப்போன ஃபில்டர்கூட அந்த எட்டில் ஒரு பங்குக்கான டீசலைத் தாராளமாக விட்டுவிடும். முழு இழுவைக்குப் போகும்போதுதான் பற்றாக்குறை வெளியே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அமைதியான தண்ணீரில் டேங்கின் அடியில் படிந்தே கிடக்கும் கசடு, வெளியே அலை ஆட்டியதும் கலங்கி எழுந்து குழாய்க்குள் போகிறது.

அந்தக் கசடு எப்படி வந்தது? பாதி காலியான டேங்கில் மிச்ச இடம் முழுக்கக் கடற்காற்று. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வர, அந்தக் காற்றின் ஈரம் டேங்கின் சுவரில் வேர்த்து வழிகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடுகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் நுண்ணுயிர்கள் டீசலையே தின்று பெருகி, கருமையான வழவழப்புக் கசடாகின்றன. ஆகவே, படகு ஓர் இரவு முழுக்க அசையாமல் நின்ற மறுநாள் காலையில், யாரும் ஏறி ஆட்டுவதற்கு முன், டேங்கின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரும் கசடும் நின்று தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். வடித்ததைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். பிறகு ஃபில்டர்களைப் புதிதாக மாற்றி, காற்றை வெளியேற்றி, அதன்பின் டேங்கை நிரப்புங்கள்.

பழைய ஃபில்டரை டீசலில் கழுவிப் போட்டால் போதாதா என்றால், போதாது. காகித மடிப்புக்குள் சிக்கிய நுண்துகள் கழுவினால் வெளியேறாது, கழுவும்போது காகிதம் கிழிந்தால் அத்தனையும் பம்புக்குள் போகும். பம்பின் உள்பாகங்களுக்கு இடையேயான இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியோ பல பத்து மைக்ரான் தடிமன். ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டுவது இதைவிடக் கொடுமை.

புது ஃபில்டர் போட்டும் திணறினால் ஒரு சோதனை போதும். சுத்தமான டீசல் நிரம்பிய ஒரு கேனிலிருந்து புது ஹோஸ் வழியாக ஃபீட் பம்புக்கு நேரடியாகக் கொடுத்து ஓட்டுங்கள். படகை உறுதியான கயிற்றில் தளத்தோடு கட்டி, கியர் போட்டு, மெல்ல ஏற்ற வேண்டும். கயிறு அறுந்தால் வீசும் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. கட்டிய படகில் முழுச் சுற்று வராது, அது இயல்பு. முன்பு அமுங்கிய இடத்தில் இப்போது அமுங்குகிறதா என்பதே கேள்வி. அமுங்கவில்லை என்றால் குற்றம் கேனுக்குப் பின்னால் விட்டுவந்த பழைய பாதையில் இருக்கிறது. ஃபீட் பம்புக்கு முந்தைய பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே வாஷரோ ஹோஸ் கிளிப்போ தளர்ந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கும் ஒழுகவில்லையே” என்ற ஆறுதல் அதனால் செல்லாது. அரைமணி ஓடியபின் அமுங்கி, சற்று நிறுத்தினால் தேறி, மறுபடி அமுங்கினால் டேங்கின் காற்றுக் குழாயைப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. பூச்சு வேலையின்போது அந்தச் சிறு துளையில் பெயின்ட் அடைத்திருக்கலாம்.

எல்லாத் திணறலுக்கும் டீசல் வழிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். புகை வழிகாட்டும். டீசல் போதாத இன்ஜின் பெரும்பாலும் கரும்புகை விடாது. அடர்ந்த கரும்புகையோடு சுற்று இறங்கினால் காற்று போதவில்லை அல்லது சுமை மிகுதி: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், புரொப்பல்லரில் சுற்றிய வலைத்துண்டு, அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசு. பம்ப் தேய்மானமும் உண்டு, ஆனால் அது பொதுவாக மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காட்டும். தடைக்கு முன் நன்றாக இழுத்த இன்ஜின் நின்ற இடத்திலேயே பம்பைத் தேய்த்துக்கொள்ளாது. எதையும் சோதிக்காமல் பம்பின் அளவைக் கூட்டி வைக்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். அடைப்பு டீசல் வழியில் இருக்கும்வரை அதனால் பயனில்லை, அடைப்பு நீங்கிய அன்று இன்ஜின் அளவுக்கு மீறிய டீசலை எரித்துச் சூடேறும்.

கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே படகைக் கட்டியவர்கள் இப்போதே டேங்கின் அடியை வடித்து, வெப்பத்தில் டீசல் விரியச் சிறு இடம் மட்டும் விட்டு நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் வேர்வையும் குறையும்.