அப்பாவின் சிட்டியா, புது டர்போவா?

கேள்வி: காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் எங்களுக்குக் கடை. அப்பா 2002-ல் வாங்கிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் கிடையாது. "இதைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுங்க" என்று வீட்டில் ஒரே பேச்சு. போன மாதம் ஒரு டர்போ காரை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். வேகத்தில் எங்கள் சிட்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் பழைய வண்டியை ஓட்டி இறங்கும்போது வருகிற சந்தோஷம் அதில் வரவில்லை. இது அப்பா வண்டி என்கிற பாசம்தானா? இல்லை, பழைய ஸ்போர்ட்டி கார்களில் உண்மையிலேயே ஏதாவது கூடுதலாக இருக்கிறதா? வண்டியை என்ன செய்யட்டும்ங்க?
– ஒரு வாசகர், காந்திபுரம், கோவை

பதில்: பாசம் இருக்கத்தான் செய்யும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் நீங்கள் உணர்ந்தது உண்மை. அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டவும் முடியும்.

உங்கள் வண்டியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2000-ல் வந்த சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன் தந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய செடான்களில் அது பெரிய எண். 2003 கடைசியில் ஹோண்டா அதே பெயரில் அடுத்த சிட்டியைக் கொண்டுவந்தது. இஞ்சின் அதே 1.5 லிட்டர், திறன் மட்டும் 77. உள்ளே இடம் கூடியது, மைலேஜ் கூடியது, விற்பனையும் நன்றாகவே நடந்தது. ஸ்டீயரிங்கோ ஹைட்ராலிக்கிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு மாறிவிட்டது. பழைய சிட்டியை ஓட்டிப் பழகியவர்கள் புதியதில் உட்கார்ந்ததும் முகம் சுளித்தார்கள். அவர்கள் குறையை ஹோண்டாவும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் 100 குதிரைத்திறனோடு விடெக் திரும்பி வந்தது. 2008 சிட்டியில் 118, இப்போது விற்கும் சிட்டியில் 121. காகிதத்தில் பார்த்தால் இன்றைய சிட்டி உங்களுடையதை எப்போதோ தாண்டிவிட்டது. இருந்தும் 2000–2003 விடெக்கைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏன் என்பதற்கான பதில் அந்த இஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. விடெக்கின் கேம்ஷாஃப்டில் வால்வைத் திறக்க இரண்டு விதமான முட்டுகள் உண்டு. சாதாரண வேகத்தில் சிறியது வேலை செய்யும். இஞ்சின் சுழற்சி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஆயில் அழுத்தத்தில் ஒரு பின் நகர்ந்து பெரிய முட்டோடு பூட்டிக்கொள்ளும். வால்வு அதிகமாகவும் அதிக நேரமும் திறக்கும். சத்தம் மாறும், இழுவை கூடும். அந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டியவர் நீங்கள்தான். மூன்றாவது கியரை விடாமல் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்னால் இரண்டாவதுக்கு இறங்க வேண்டும், கிளட்ச்சையும் ஆக்சிலரேட்டரையும் பொருத்திக் கொடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் வண்டி உடனே பலன் காட்டும். தப்பாகச் செய்தால் அதையும் காட்டிவிடும்.

நீங்கள் ஓட்டிப் பார்த்த டர்போவில் ஏறக்குறைய முழு இழுவையும் 1,500, 2,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. எந்த கியரில் இருந்தாலும் காலை வைத்தால் போகும். காந்திபுரம் சிக்னலில் மாலை ஆறு மணிக்கு இதைவிட நல்ல குணம் வேறு வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுகிறவர் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியை இஞ்சினே எடுத்துக்கொண்டது.

மற்ற பாகங்களிலும் இதுவேதான் நடந்திருக்கிறது. உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருப்பது ஒரு கேபிள். புதுசில் மிதி ஒரு சென்சாரிடம் சொல்லும், சென்சார் கணினியிடம் சொல்லும், கணினி புகைக் கட்டுப்பாட்டையும் மைலேஜையும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் காற்றைத் திறக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கறாராகிவிட்டது. கியர் மாற்றக் காலை எடுத்தாலும் சுழற்சி சட்டென்று இறங்காமல் ஒரு நொடி தொங்கி நிற்பது பல புதுக் கார்களில் உண்டு. ஸ்டீயரிங்கும் அப்படியே. ஹைட்ராலிக்கில் முன் டயர் படும் பாடு கொஞ்சமாவது கைக்கு வந்து சேரும். மோட்டார் உதவும் ஸ்டீயரிங்கில் எவ்வளவு கனம் காட்டலாம் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. இன்றைய நல்ல எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குகள் மிகத் துல்லியமானவை, ஆனால் பேச்சு குறைவு.

"புதுக் கார்கள் கனமாகிவிட்டன, அதனால்தான்" என்று பலர் சொல்வார்கள். முழு உண்மை அது இல்லை. 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோவைத் தாண்டியது. 2018-ல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 900 கிலோவுக்கும் கீழ். அப்படியிருந்தும் முதல் ஸ்விஃப்டின் 1.3 இஞ்சினுக்கும் இறுக்கமான சஸ்பென்ஷனுக்கும் ஏங்குகிறவர்கள் கோவையில் ஏராளம். அந்த 1.3 ஏன் போனது தெரியுமா? 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். 2010-ல் ஸ்விஃப்ட் 1.2 ஆனது. ஃபியட் பாலியோ 1.6 போல, சின்ன உடம்பில் பெரிய இஞ்சினை வைத்து விற்கும் துணிச்சல் அதோடு அடங்கிப்போயிற்று. ஜிஎஸ்டியிலும் அந்த எல்லைக்கோடு அப்படியே தொடர்கிறது: 2025 செப்டம்பர் முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. நம் நாட்டில் ஓட்டும் சுகம் மங்கியதற்கு இன்ஜினியர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிநாட்டுப் பெயர்களும் இதே பாதையில்தான் போகின்றன. 2004-ல் இங்கே வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். 2025-ல் ஐம்பது லட்சத்தைத் தொடும் விலையில் வந்த ஆர்எஸ் 265 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் மட்டும். புதியது எல்லா அளவிலும் வேகமான கார். அந்த வேகத்தை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் எனக்குள்ள கேள்வி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் சிட்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குள்ளேயே தன்னிடம் உள்ளதையெல்லாம் காட்டிவிடும். 265 குதிரைத்திறன் வண்டி அந்த வேகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்புகிற வேகம் வரையாடு குறுக்கே வரும் சாலையில் யாரும் போகக் கூடாத வேகம்.

வேறு எந்த ஊர்க்காரரையும் விட இதைக் கோவைக்காரர் எளிதாகப் புரிந்துகொள்வார். நம் ஊர் ரேஸிங் வளர்ந்ததே சின்ன இஞ்சின்களில்தான். எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் 796 சிசி இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பணக்காரர்களின் இறக்குமதிப் பொம்மையாக இருந்த விளையாட்டு அதன்மூலம்தான் இளைஞர்கள் கைக்கு வந்தது. ஏழு முறை தென்னிந்திய ராலியை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் தன் முதல் பந்தயங்களை ஓட்டியது அந்த வண்டியில். 2005-ல் அதே நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இன்றும் பையன்களும் பெண்களும் எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகளில் பந்தயம் பழகுகிறார்கள். மாருதியின் 1.3 லிட்டர் இஞ்சின். ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. பிரேக்கை எங்கே விடுவது, முன் டயர் எப்போது பிடி தளர்கிறது என்பதை உடம்பால் கற்க வேண்டுமானால், நடுவில் யாரும் மொழிபெயர்க்காத வண்டி வேண்டும். உங்கள் சிட்டி அந்த வகைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. அந்த டிராக்கில் சொந்தக் காரை ஓட்ட வாய்ப்புத் தரும் நிகழ்வுகள் அவ்வப்போது நடக்கின்றன. ஹெல்மெட்டோடு ஒரு முறை போய் ஓட்டிப் பாருங்கள்.

இனி, நான் அழுத்திச் சொல்ல வேண்டிய பகுதி. சுகத்தில் பழையது முந்தலாம். பாதுகாப்பில் அதற்குப் பேச்சே இல்லை. உங்கள் வண்டி வந்த காலத்தில் மோதல் சோதனை விதியே நம் நாட்டில் கிடையாது. புது மாடல்களுக்கு 2017 அக்டோபரில்தான் கட்டாயமானது. 2014-ல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோ பூஜ்யம் வாங்கியது. ஏர்பேக் வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகளை உட்காரவைத்து 544-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் போக உங்கள் சிட்டியை எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆகவே வீட்டுக்கு ஒரே கார்தான் கட்டுப்படியாகும் என்றால் புதுசு எடுங்கள், வருத்தப்படாமல் எடுங்கள். ஆட்டோமேட்டிக்கைத் தவிர்த்து மேனுவல் கியர் கேளுங்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் போன்று ஓட்டுகிறவரை நினைத்துச் செய்த வண்டிகளும் வந்திருக்கின்றன. டெஸ்ட் டிரைவுக்குத் தனி நாள் ஒதுக்கி, மருதமலைப் பக்கமோ பொள்ளாச்சி ரோட்டிலோ நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் போதாது. இரண்டு வண்டிக்கு இடமும் காசும் இருந்தால் சிட்டியை விற்கவே விற்காதீர்கள். இப்போது கிடைக்கிற விலை சொற்பம். ஒழுங்கான நிலையில் இன்னொன்றைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

வைத்துக்கொள்வதென்றால் முதலில் பார்க்க வேண்டியது டைமிங் பெல்ட். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பர் வயதாகும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளையும். கடைசியாக எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், இஞ்சின் மவுண்ட். இவை தேய்ந்த வண்டியை ஓட்டிவிட்டுத்தான் பலர் "பழைய கார் தொளதொளவென்று இருக்கிறது" என்கிறார்கள். கிடைக்காத புஷ்ஷை அளவெடுத்துச் செய்து தர கணபதி, பீளமேடு லேத் பட்டறைகளில் ஆள் இருக்கும். இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், உங்கள் வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்கவும் வேண்டாம்.

ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 2002 பதிவு என்றால் 2017, 2022 என்று இரண்டு முறை புதுப்பித்திருப்பீர்கள். அடுத்தது 2027-ல் வரும். இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. பசுமை வரி தனி. ஆர்டிஓ ஆபீஸில் எஃப்.சி. காட்டப் போகும் முன்பே மேலே சொன்ன வேலைகளை முடித்துவிட்டால் அதே செலவில் இரண்டும் நடந்துவிடும்.