மருத்துவ ஆவணம்: தேவையானதை மட்டும் கொடுங்கள்
தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சிகிச்சை தரப்படுகிறது. அங்கே வாங்கிய சீட்டின் தலைப்பே நோயை ஊகிக்க வைத்துவிடும். ஆகவே, அலுவலகம் விடுப்புச் சான்று கேட்டால் முழு ஃபைலையும் நீட்டாதீர்கள். எத்தனை நாள் ஓய்வு தேவை என்ற சான்று போதும். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டை, பிரிண்ட் எடுத்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். வேறொருவரை அனுப்பினால் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தனுப்புங்கள்.

தொற்றுநோயை மறைப்பது மற்றவர்களுக்கு ஆபத்தல்லவா என்று கேட்கலாம். துணைக்கு ஆபத்து இருந்தால் மருத்துவர் தெரிவிக்க 2017 எச்.ஐ.வி. சட்டமே வழி வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல அல்ல. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி சிகிச்சையைப் பாதியில் விடமாட்டார். ஊருக்கும் அதுவே பாதுகாப்பு.